கிங் காங்: எத்தனை ரீமேக் வந்தாலும் 1933 படத்துக்கே ஏன் திரும்புகிறோம்?

கேள்வி இதுதான்: 1933இல் வந்த ‘கிங் காங்’ கறுப்பு-வெள்ளைப் படம். அதில் வரும் குரங்கு பொம்மை என்பது பார்த்தவுடனே தெரிகிறது. அதே கதையை 1976இலும் 2005இலும் பல மடங்கு செலவு செய்து திரும்ப எடுத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் சினிமா தெரிந்தவர்கள் ஏன் அந்தப் பழைய படத்தையே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்? வெறும் பழம்பெருமையா, இல்லை உண்மையிலேயே அதில் ஏதாவது இருக்கிறதா?

பழம்பெருமையும் கொஞ்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கிறது. ரீமேக் எடுத்தவர்கள் அதைத்தான் முதலில் மாற்றினார்கள்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கார்ல் டென்ஹாம் ஒரு சினிமா டைரக்டர், துணிச்சல்காரர். யாரும் போகாத ஒரு தீவில் படமெடுக்கக் கிளம்புகிறார். கதாநாயகி கிடைக்கவில்லை. பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல், பசி தாங்காமல் நியூயார்க் பழக்கடையில் ஆப்பிளில் கை வைக்கும் ஆன் டாரோ என்ற பெண்ணைப் பார்த்துக் கூட்டிப்போகிறார். தீவுக்காரர்கள் அவளைப் பிடித்துக் காங் என்ற ராட்சதக் குரங்குக்குப் பலியாகக் கொடுக்கிறார்கள். காங் அவளைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறது, வழியில் டைனோசர்களோடு சண்டை போடுகிறது. கப்பல்காரன் டிரிஸ்கால் அவளை மீட்கிறான். பின்னால் துரத்தி வரும் காங்கை வாயுக் குண்டு வீசி மயக்கி நியூயார்க் கொண்டுபோய், சங்கிலியில் கட்டி, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார் டென்ஹாம். அது அறுத்துக்கொண்டு ஓடி, ஆன் டாரோவைத் தேடிப் பிடித்து, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஏறுகிறது. விமானங்கள் சுட்டுக் கொல்கின்றன. அவ்வளவுதான். (நம் ஊர்ப் பெரியவர்களிடம் கிங் காங் என்று சொன்னால் தாரா சிங்கோடு மோதிய மல்யுத்தக்காரரைத்தான் நினைப்பார்கள். அந்தப் பெயர் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.)

இந்த 1933 படத்தில் ஆனுக்குக் காங் மீது ஒரு துளி இரக்கமும் கிடையாது. கையில் எடுத்த நேரத்திலிருந்து கத்துகிறாள், வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் ஓடுகிறாள். நியூயார்க் தியேட்டரில் காங் சங்கிலியில் நிற்கும்போதும் அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் டிரிஸ்காலின் அணைப்பில் போய்ச் சேர்கிறாள், காங்குக்கென்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை. டென்ஹாமோ தெருவில் கிடக்கும் பிணத்தருகே நின்று, விமானங்கள் இல்லை, அழகுதான் அதைக் கொன்றது என்று ஒரு வசனம் பேசுகிறார். பிரமாதமான வசனம்தான், ஆனால் அது சரக்கை விற்கிறவன் பேச்சு. ஆக, திரைக்குள் காங்குக்காக வருந்த ஓர் ஆள்கூட இல்லை. அந்த வேலை முழுக்கத் தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் தலையில் விழுகிறது.

அதற்கும் படம் நம்மைத் தயார்ப்படுத்துவதில்லை. இந்தக் காங் சாது கிடையாது. ஆட்களை வாயில் போட்டுக் கடிக்கிறது, கிராமத்தை மிதிக்கிறது, மாலுமிகள் தொற்றிக்கொண்டிருக்கும் மரத்தை உலுக்கி அவர்களைப் பள்ளத்தில் தள்ளுகிறது. நியூயார்க்கில் ஒரு ஓட்டல் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தூங்கும் பெண்ணை இழுத்து, ஆன் இல்லை என்று தெரிந்ததும் அப்படியே கீழே விட்டுவிடுகிறது. இவ்வளவையும் பார்த்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் நமக்கு மனசு கனக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை, பின்னணியில் யாரும் விம்மவில்லை. அது எப்படி நடக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய சங்கதி.

அதற்கு முக்கியக் காரணம் காங் பொம்மைக்கு அசைவு கொடுத்த வில்லிஸ் ஓபிரையன். 1925இல் டைனோசர் படம் ஒன்றில் தன் வித்தையை ஏற்கெனவே காட்டியவர். காங் பொம்மையின் உயரம் ஏறக்குறைய 18 அங்குலம். மார்செல் டெல்காடோ என்ற சிற்பி அதற்கு மூட்டு மூட்டாக மடங்கும் உலோக எலும்புக்கூடு செய்து, மேலே ரப்பரால் சதை வைத்து, முயல் தோல் போர்த்தினார். பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்து, ஒரு ஃபிரேம் எடு, மறுபடி நகர்த்து, மறுபடி எடு. ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம், ஒரு நிமிடத்துக்கு 1,440. தலையும் தோளும், ஒரு கை, ஒரு பாதம் மட்டும் ஆள் நிற்கிற அளவில் பெரிதாகச் செய்தார்கள். ஆன் டாரோவைப் பிடித்திருக்கும் நெருக்கக் காட்சிகளில் வருவது அந்தக் கைதான்.

படத்தை உற்றுப் பார்த்தால் காங்கின் ரோமம் நிற்காமல் அலைபாய்வது தெரியும். காற்று எதுவும் இல்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பொம்மையைத் தொட்டு நகர்த்தியவர்களின் விரல் பட்டுக் கலைந்த ரோமம் அது. தொழில்முறையில் பார்த்தால் குறைதான். ஆனால் திரையில் அது கோபத்தில் மயிர் சிலிர்ப்பது போலத் தெரிகிறது. கணினியில் இதைத் திட்டமிட்டுக் கொண்டுவரலாம், கொண்டுவந்தும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு மனிதன் மாதக்கணக்கில் அந்த உடம்பைத் தொட்டுக்கொண்டே இருந்தான் என்ற உணர்வு இந்தக் கலைந்த ரோமத்தில்தான் இருக்கிறது. என் கண்ணுக்கு அது குறையாகவே படவில்லை.

டைரனோசரஸோடு நடக்கும் சண்டையின் முடிவைக் கவனியுங்கள். காங் அதன் தாடையைப் பிளந்து கொன்றுவிடுகிறது. கதைக்கு அத்தோடு போதும். ஆனால் காங் குனிந்து, செத்த மிருகத்தின் தாடையைப் பிடித்து, இரண்டு மூன்று தடவை திறந்து மூடிப் பார்க்கிறது. உண்மையிலேயே செத்துவிட்டதா, இல்லை இந்தத் தாடை ஏன் இப்படித் தொங்குகிறது என்ற குழந்தை ஆவலா, தெரியவில்லை. அப்புறம்தான் நிமிர்ந்து நெஞ்சில் அடித்துக்கொள்கிறது. சில விநாடிதான், ஆனால் அந்த இடத்தில் பொம்மைக்குள் ஒரு புத்தி வேலை செய்வதைப் பார்க்கிறோம். கடைசியில் கட்டட உச்சியிலும் இதே கைவேலைதான். குண்டு பட்டதும் காங் நெஞ்சைத் தொட்டு, விரலில் ஒட்டிய ரத்தத்தைப் பார்க்கிறது. தனக்கு என்ன நடக்கிறதென்று அதற்குப் புரியவில்லை. ஆன் டாரோவை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பத்திரமாகக் கீழே வைத்து, விரலால் மெல்லத் தடவுகிறது. அவள் அப்போதும் பயந்துதான் கிடக்கிறாள். அடுத்த சுற்றுக் குண்டு தொண்டையில் பாய்கிறது.

ஓபிரையனின் காங் ஒரு நடிகன். மற்ற ராட்சதப் படங்களில் மிருகம் வருகிறது, உடைக்கிறது, சாகிறது. இங்கே அது யோசிக்கிறது, தப்பாகப் புரிந்துகொள்கிறது. தியேட்டரில் அது சங்கிலியை அறுப்பதற்குக் காரணம்கூடப் பத்திரிகைக்காரர்களின் கேமரா வெளிச்சம்தான். அவர்கள் ஆன் டாரோவை ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறது.

அந்தத் தீவின் காடு எப்போதுமே நிஜக் காடு மாதிரி இருந்ததில்லை. குஸ்தாவ் டோரே என்ற பிரெஞ்சு ஓவியரின் செதுக்கோவியங்களைப் பார்த்து, கண்ணாடித் தகடுகளில் மரமும் மூடுபனியும் வரைந்து, ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தி, நடுவில் பொம்மைகளை வைத்து எடுத்தார்கள். நிஜம் என்று நம்ப வைப்பதற்காகச் செய்த கிராபிக்ஸ் பத்து வருஷத்தில் பல்லிளித்துவிடும். 2005 படத்தில் டைனோசர் கூட்டம் ஓடும்போது காலடியில் ஆட்கள் ஓடும் காட்சியை இன்று பாருங்கள், ஒட்டு வேலை நன்றாகத் தெரியும். 1933இன் காடு ஆரம்பத்திலிருந்தே கெட்ட கனவு மாதிரி இருந்ததால் அதற்கு வயசாகவில்லை.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேசும் படம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. மர்ரே ஸ்பிவாக் சிங்கம், புலி உறுமல்களைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, பின்னோக்கி ஓடவிட்டுக் காங்கின் குரலை உண்டாக்கினார். இசை மாக்ஸ் ஸ்டைனர். டைட்டில் முடிந்ததும் நியூயார்க் பகுதி முழுக்க இசையே கிடையாது. கப்பல் மூடுபனிக்குள் நுழைந்து தீவை நெருங்கும்போதுதான் ஆரம்பிக்கிறது. நிஜ உலகம் முடிந்தது, இனி வேறு உலகம் என்பதை வசனம் இல்லாமல் சொல்லிவிடுகிறார். ஹாலிவுட்டில் பின்னணி இசை என்ற தொழிலே இந்தப் படத்துக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறது.

எடுத்தவர்கள் கதையும் சுவாரஸ்யமானது. டைரக்டர்கள் மெரியன் கூப்பர், எர்னஸ்ட் ஷோட்சாக் இரண்டு பேரும் உண்மையிலேயே ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்தவர்கள். பாரசீகத்தில் நாடோடிக் கூட்டத்தோடு மலை ஏறினார்கள், சயாமில் யானைக் கூட்டத்தைப் படம் பிடித்தார்கள். கூப்பர் முதல் உலகப் போரில் விமானி, சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டவர். 1926இல் டக்ளஸ் பர்டன் என்பவர் கொமோடோ தீவுக்குப் போய் ராட்சதப் பல்லிகளை உயிரோடு பிடித்து நியூயார்க் கொண்டுவந்தார். அவை கூண்டில் ரொம்ப நாள் தாங்கவில்லை. தூரத் தீவின் ராஜாவைப் பிடித்து வந்து நகரத்தில் சாகடிக்கும் கதையின் விதை அங்கேயும் இருக்கிறது. திரைக்கதையின் கடைசி வடிவத்தை எழுதியவர் ஷோட்சாக்கின் மனைவி ரூத் ரோஸ். டென்ஹாமைக் கூப்பர் மாதிரியும் டிரிஸ்காலைத் தன் கணவர் மாதிரியும் வைத்து எழுதினார். கடைசியில் காங்கைச் சுடும் விமானத்தில் உட்கார்ந்திருப்பதும் கூப்பரும் ஷோட்சாக்கும்தான், தாங்களே நடித்தார்கள்! நாம் பெற்ற பிள்ளையை நாமே கொன்றுவிடலாம் என்று கூப்பர் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு.

படம் 1933 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் வெளியானது. அடுத்த சில நாளில் அமெரிக்கா முழுக்க வங்கிகளை மூடினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஜனங்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். திறந்து இரண்டு வருஷம்கூட ஆகாத எம்பயர் ஸ்டேட் கட்டடம்தான் கிளைமாக்ஸ். வேலையும் சாப்பாடும் இல்லாத காலத்தில், அந்த ஊரின் பெருமைச் சின்னத்தின் மேல் ஒரு காட்டு மிருகம் ஏறி நிற்பதைப் பார்த்தவர்களுக்குள் என்னென்ன ஓடியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டதால் குறையையும் சொல்லிவிட வேண்டும். காங் திரையில் வரவே ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை நடிப்பு கட்டை மாதிரி இருக்கும். தீவுவாசிகளைக் காட்டியிருக்கும் விதம் இன்று பார்க்கச் சங்கடமானது, கப்பலில் வரும் சீனச் சமையல்காரர் பாத்திரமும் அப்படித்தான். தூர தேசத்திலிருந்து சங்கிலியில் கட்டிக் கப்பலில் கொண்டுவந்து, வெள்ளைக்காரப் பெண்ணை விரும்பியதற்காகக் கொல்லப்படும் கறுத்த உருவம் என்று பார்த்தால் அமெரிக்க அடிமை வரலாறு கண்முன் வரும். கூப்பர் அப்படி நினைத்து எடுக்கவில்லை என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் எடுத்தவர் நினைக்காததையும் படம் சுமக்கும். அந்தச் சங்கடமும் சேர்ந்துதான் இதை வெறும் குழந்தைகள் படமாக ஆகாமல் வைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்தப் படம் ஒரு தடவை ஓடி முடிந்த படமும் இல்லை. 1938, 1942, 1946, 1952 என்று திரும்பத் திரும்ப வெளியிட்டார்கள். 1952இல் வசூல் கொட்டியதைப் பார்த்துத்தான் ராட்சத மிருகப் படங்களின் அலை கிளம்பியது. அந்த அலையில் 1954இல் ஜப்பானில் காட்ஸில்லா வந்தது. 1933இல் 13 வயதுப் பையனாக இதைப் பார்த்த ரே ஹாரிஹாசன் பிற்பாடு ஓபிரையனிடமே வேலைக்குச் சேர்ந்து, பொம்மை அசைவுக் கலையின் பெரிய கையாக ஆனார்.

இனி ரீமேக்.

1976 படத்தின் தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸ், டைரக்டர் ஜான் கில்லர்மின். கதையை அன்றைய காலத்துக்கு மாற்றி, சினிமாக்காரருக்குப் பதில் எண்ணெய்க் கம்பெனிக்காரரைத் தீவுக்கு அனுப்பினார்கள். எம்பயர் ஸ்டேட்டுக்குப் பதில் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரம். 40 அடி உயரத்துக்கு இயந்திரக் காங் செய்கிறோம் என்று பெரிதாக விளம்பரம் செய்தார்கள். கார்லோ ரம்பால்டி செய்த அந்த இயந்திரம் படத்தில் தலைகாட்டுவது சில விநாடிதான். மற்றபடி காங்காக வருவது குரங்கு வேஷம் போட்ட ரிக் பேக்கர். கண்ணைக் கூர்ந்து பாருங்கள், அந்தக் கண்ணில் நடிப்பு இருக்கிறது. ஆஸ்கரோ இயந்திரம் செய்தவருக்குப் போனது. பொம்மை அசைவுக் கலைஞர் ஜிம் டான்ஃபோர்த் அந்தக் கோபத்தில் ஆஸ்கர் தரும் அகாடமியிலிருந்தே விலகிக்கொண்டார்.

இந்தப் படத்தில்தான் கதாநாயகி மனம் மாறுகிறாள். ஜெசிகா லாங்குக்கு இது முதல் படம். கோபுர உச்சியில், தன்னைக் கையில் வைத்துக்கொண்டால் சுட மாட்டார்கள் என்று காங்கிடம் கெஞ்சுகிறாள். காங் அவளைக் கீழே வைத்துவிட்டுக் குண்டை வாங்கிக்கொள்கிறது. மனதைத் தொடும் இடம்தான், ஆனால் நமக்குப் பதிலாக அவளே அழுதுவிடுகிறாள். இந்தப் படத்தைக் கண்டபடி திட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. காங் விழுந்து கிடக்கும்போது கதாநாயகியைப் பத்திரிகை போட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்ள, காதலன் கூட்டத்தைத் தாண்டி வர முடியாமல் நிற்கும் முடிவு நல்ல கசப்பான முடிவு.

2005 படம் பக்தியில் பிறந்தது. பீட்டர் ஜாக்சன் ஒன்பது வயதில் டிவியில் கிங் காங் பார்த்துவிட்டுத்தான் சினிமாக்காரன் ஆக வேண்டும் என்று முடிவு செய்தவர். 1990களில் எடுக்க முயன்று நின்றுபோய், இடையில் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்கள் மூன்றையும் முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். கதையை 1933க்கே கொண்டுபோனார். காங்காக நடித்தவர் ஆண்டி செர்கிஸ். ருவாண்டா போய்க் கொரில்லாக்களைப் பார்த்துப் பழகிவிட்டு வந்து, உடம்பிலும் முகத்திலும் அசைவைக் கணினியில் பதிவு செய்வதற்கான குறிகளை ஒட்டிக்கொண்டு நடித்தார். தழும்பேறிய, வயதான, தன் இனத்தில் கடைசியாக மிஞ்சிய ஒரு கொரில்லா. முகம் அபாரம். தாடையைத் திறந்து மூடிப் பார்க்கும் அந்தச் சின்ன இடத்தையும் ஜாக்சன் மறக்காமல் வைத்திருக்கிறார். கடைசி விமானங்களில் ஒன்றில் தானே சுடுகிறவராக உட்கார்ந்து, விமானியாக ரிக் பேக்கரை உட்கார வைத்தார். 1933இல் ஆனாக நடித்த ஃபே ரேயைக் கடைசி வசனம் பேச வைக்கவும் ஆசைப்பட்டார். ஆனால் அவர் 2004 ஆகஸ்டில் 96 வயதில் காலமாகிவிட்டார். அவருக்காக எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் விளக்குகளை 15 நிமிடம் மங்க வைத்தார்கள்.

ஆனால் பக்திக்கு ஒரு விலை உண்டு. 100 நிமிடக் கதை 187 நிமிடமாக ஆனது. ஆனாக வரும் நவோமி வாட்ஸ் காங்குக்கு வித்தை காட்டிச் சிரிக்க வைக்கிறார், அதோடு உட்கார்ந்து சூரிய அஸ்தமனம் பார்க்கிறார், சென்ட்ரல் பார்க்கில் உறைந்த குளத்தில் இரண்டும் சறுக்கி விளையாடுகின்றன. உச்சியில் விமானங்களைப் பார்த்துச் சுடாதீர்கள் என்று கையை அசைக்கிறார். எல்லாம் அழகு, எனக்கும் கண் கலங்கியது. ஆனால் எப்போது கலங்க வேண்டும் என்று படமே கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. காங்கின் அன்புக்குப் பதில் அன்பு கிடைத்துவிட்டால் அது காதல் கதை. 1933இல் பதில் கிடைக்கவே இல்லை, அந்தத் தனிமைதான் குத்தியது.

2017இல் ஆரம்பித்து வரும் புதுப் படங்களை ரீமேக் என்று சொல்ல முடியாது. அவற்றில் காங் சாவதில்லை, காட்ஸில்லாவோடு மோதவும் பிறகு கைகோக்கவும் அது உயிரோடு வேண்டும். (இந்த ஜோடி புதிதல்ல, ஜப்பானில் 1962லேயே மோதவிட்டுவிட்டார்கள்.) உயரமும் 100 அடி, 300 அடி என்று ஏறிவிட்டது. பழைய காங் தீவில் 18 அடி, நியூயார்க்கில் 24 அடி என்கிற கணக்கில்தான் இருந்தது. கைக்குள் ஒரு பெண் அடங்கவும், அவள் முகத்தை அது பார்க்கவும் சரியான அளவு அது. 300 அடியில் மனிதர்கள் தூசு. பொழுதுபோகப் பார்க்கலாம், எனக்கு அதில் பகை எதுவும் இல்லை.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் 1933. பிடித்திருந்தால் 2005, தீவுப் பகுதி நீளமாகத் தோன்றினால் சலிக்காமல் நியூயார்க் பகுதி வரை காத்திருங்கள். 1976ஐ ரிக் பேக்கருக்காகப் பாருங்கள். பழைய படத்தைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை: 1938 மறுவெளியீட்டில் தணிக்கைக்காகச் சில காட்சிகளை வெட்டினார்கள், பிற்காலத்தில்தான் அவை திரும்பச் சேர்ந்தன. வண்ணம் பூசிய பிரதியும் உண்டு, அதைத் தொடவே வேண்டாம். பாறைமேல் உட்கார்ந்து காங் ஆனின் உடையைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து விரலை மோந்து பார்க்கும் இடமும், ஓட்டலிலிருந்து இழுத்த பெண்ணைக் கீழே போடும் இடமும் இருந்தால் உங்கள் கையில் இருப்பது முழுப் பிரதி. இல்லையென்றால் வேறு தேடுங்கள்.